தாழ்ப்பாள் வைத்த படகு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கோயம்புத்தூரிலிருந்து வெறுங்கையோடு மராத்திச் சீமைக்கு வந்து கசார்வாடியில் லேத் பட்டறை போட்டேன். பக்கத்துச் சிஞ்ச்வட் கம்பெனி இன்ஜினியர்கள் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டேன். "என்ன வேணும்னு வாயால சொல்லுங்க சார்" என்பேன். இப்படிப்பட்டவன் பாய்மரப் படகு செய்தான் என்றால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

செய்ய வைத்தது என் மனைவி. எங்கள் வீடு பட்டறைக்கு மேல்மாடியில். இருபது வருடமாக, சோற்றில் கை வைத்தால் கதவு தட்டும், கண் அயர்ந்தால் தட்டும். மெஷின் நின்றுவிட்டது, லோடு வந்துவிட்டது என்று யாராவது நிற்பார்கள். நான் இறங்கிப் போய்விடுவேன். அவள் தட்டை மூடிவைத்துக் காத்திருப்பாள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் சொன்னாள்:

"ஏனுங்க, எவனும் வந்து கதவத் தட்டாத எடத்துல ஒரு நாலு நாளு இருக்கோணும். அப்பறம் நான் ஒண்ணுமே கேக்க மாட்டனுங்க."

மற்றவர்கள் மகாபலேஷ்வர் மலைக்குப் போ என்றார்கள். ஓட்டலில் டீ கொண்டுவருகிறவன் தட்டுவானே! யாரும் நடந்து வர முடியாத இடம் வேண்டும். அப்படியென்றால் தீவுதான்.

மழைக்காலம் முடிந்ததும், சோலாப்பூர் சாலைப் பக்கம் ஓர் அணையின் நீர்த்தேக்கத்துக்குப் போனேன். அங்கே மீன் பிடிக்கும் ஒருவர் என்னைத் தன் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டினார். முதல் தீவு கரைக்குப் பக்கம், கூப்பிட்டால் கேட்கும். இரண்டாவதில் நிழலே இல்லை. மூன்றாவது நடுத்தண்ணீரில் ஒற்றை வேப்பமரத்தோடு இருந்தது. சுற்றிலும் மூன்று ஆள் ஆழம். இதுதான் என்றேன். எப்போது வந்து தங்குவீர்கள் என்று கேட்டார். பட்டறை ஆட்கள் ஊருக்குப் போகும் மே மாதத்தில் என்றேன்.

"மே மஹின்யாத்? யா, யா, சேட்!" மே மாதத்திலா, வாங்க, வாங்க என்று அப்படி ஒரு சிரிப்பு. மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

படகுக்கு மாதிரி ஒரு காலண்டர் படம், அவ்வளவுதான். உடம்புக்கு இரும்புத் தகடு, பாய்மரத்துக்குத் தண்ணீர்க் குழாய். பாயை லாரித் தார்ப்பாய் தைப்பவர் தைத்தார். வெறும் பாய் மொட்டையாகத் தெரிந்தது. அதனால் பட்டறைப் பெயரையும், எல்லா ரிப்பேரும் செய்து தரப்படும் என்பதையும் மராத்தியில் ஆளுயர எழுத்தில் எழுதச் சொன்னேன். நடுவில் பலகையால் ஓர் அறை. அதில் இரண்டு படுக்கை, ஸ்டவ், குக்கர், தண்ணீர் டிரம். கதவின் உள்பக்கம் நானே கடைந்த தாழ்ப்பாள். போட்டுவிட்டால் யானை தள்ளினாலும் திறக்காது.

தீபாவளி கழிந்து டெம்போவில் ஏற்றிப் போய் ஓட்டிப் பார்த்தேன். மிதந்தது, ஓடியது. தீவோரம் நங்கூரம் போட்டு, மீன்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன்.

மே மாதம் ஜீப்பில் கிளம்பினோம். என் கருவிப் பெட்டியை அவள் எடுத்து வீட்டுக்குள் வைத்தாள். நான் அதை அரிசி மூட்டைக்கு அடியில் திரும்ப வைத்தேன். அங்கே போய்த் தண்ணீர் எங்கே என்று நான் தேடுவதற்குள், ஜீப் கரையிலிருந்து இறங்கி, வெடித்த சேற்றுத் தரையில் ஓடி, நேராக என் படகின் பக்கத்தில் போய் நின்றது. மீன்காரர் நாலு பக்கமும் கல் முட்டுக் கொடுத்துப் படகை நிமிர்த்தி வைத்திருந்தார். தீவு வெறும் மேடாகியிருந்தது. அதன் அடிவாரத்தில் ஒரு கல் கோயில். அணை கட்டியபோது மூழ்கிய ஊரின் கோயிலாம். தண்ணீர் வற்றி அது வெளியே வரும்போது, எங்கெங்கோ பிரிந்துபோன ஊர்க்காரர்கள் எல்லாரும் வந்து கூடித் திருவிழா எடுப்பார்களாம். ராட்டினம், வளையல் கடை, பஜ்ஜிக் கடை என்று ஒரே கூட்டம்.

மனைவி இறங்கிச் சுற்றிலும் பார்த்தாள். "எத்தன பேருக்குங்க சொல்லி வெச்சீங்க?"

நான் நங்கூரக் கயிற்றைச் சுருட்டினேன்.

"சரி, வெயிலு கொளுத்துது. நெழலாவது பண்ணுங்க."

பாயை விரித்துப் படகுக்கு மேலே கட்டினேன். எழுத்து கோயிலைப் பார்த்து நின்றது. குக்கர் இன்னும் விசில்கூட அடிக்கவில்லை, அதற்குள் தகட்டில் தட் தட் தட். ராட்டினக்காரர். அச்சில் போல்ட் முறிந்துவிட்டதாம். "சேட், தும்ஹீச் கரூ ஷக்தா!" உங்களால்தான் முடியும் என்கிறார். அப்படிச் சொன்ன பிறகு உட்கார்ந்திருக்கிற உடம்பா இது? அரிசி மூட்டையை நகர்த்தினேன்.

"போங்க" என்றாள். "இனி இங்க வந்து தட்டாத அளவுக்கு, எல்லாத்தையும் அங்கயே பாத்துட்டு வாங்க."

அவள் சொன்னபடியே செய்தேன். ராட்டினம் முடிந்து பஜ்ஜிக் கடை அடுப்பு, அது முடிந்து கோயில் மணிக் கொக்கி. பொழுது சாயத் திரும்பி வந்து கதவைத் தட்டினேன்.

"யாருங்க?"

"நான்தான்."

"ரிப்பேர்காரரு வெளிய போயிருக்காருங்க. நாலு நாளு கழிச்சு வாங்க."

சிரித்துக்கொண்டே கதவைத் தள்ளினேன். தோள் கொடுத்தும் தள்ளினேன். உள்ளே அவள் திரும்பிப் படுப்பது கேட்டது. கதவு மயிரிழைகூட அசையவில்லை. பாய்க்கு அடியில் உட்கார்ந்துகொண்டேன். சும்மா சொல்லக்கூடாது, தாழ்ப்பாள் என்றால் அது தாழ்ப்பாள்.