ஏலக்காயோடு காயவைத்த கேமரா

நான் பொழுதுபோக்காகக் கேமராக்களைப் பழுதுபார்த்தபோது, "மச்சான் வீட்டுக்குள்ளயே காயலாங்கடை வச்சிருக்காரு" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன் என் மச்சினன்.

போன மாதம் நான் ஸ்டூடியோ திறந்தும், தன் மகளையும் வருங்கால மருமகனையும் குரங்கணி மலையில் படமெடுக்க மதுரையிலிருந்துதான் ஆள் கூட்டிவந்தான்.

இன்று அவனே என் கடைக்கு ஓடிவந்தான். சாரலில் நனைந்த அந்த ஆளின் கேமராவை, ஏலக்காய் காயவைக்கும் சூட்டறைக்குள் வைத்துவிட்டானாம். லென்ஸ் இறுகிவிட்டது. மணம் மட்டும் அபாரம்.

"வெரசா சரிபண்ணுங்க மச்சான், பிள்ளைக ஜோடிச்சு நிக்குதுக."

"இது இன்னிக்கு ஆகாது மாப்ளே. ஜீப்பை எடு, நானே வந்து எடுக்குறேன்."

ஸ்டூடியோவுக்குக் கிடைத்த முதல் வெளி வேலை. படங்கள் பிரமாதம். கடைசியாக எடுத்த குடும்பப் படத்தின் ஓரத்தில் மச்சினனும் பல்லிளித்துக்கொண்டு நிற்கிறான்.

அந்த ஓரத்தை மட்டும் வெட்டிவிடலாமா? நாளைக்குள் சொல்லுங்கள், பிரேம் போட வேண்டும்.