கதவில் வேப்பிலை செருகிய வீடு

எங்கள் வீட்டுக் கதவின் படம் என் கைப்பேசிக்கு வந்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அனுப்பியவள் என்னோடு கல்லூரியில் படித்தவள். இது உங்கள் தெருதானே என்று கேட்டிருந்தாள். படத்தில் நீலக் கதவு, நிலையின் இரண்டு பக்கமும் வேப்பிலைக் கொத்து, வாசலில் தெளித்த மஞ்சள் தண்ணீரின் ஈரம், படியில் என் செருப்பு. அவள் குடியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அதைப் போட்டு, கீழே எழுதியிருந்தார்கள்: இந்தத் தெரு முழுக்க நோய் வந்திருக்கிறது, நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் ஐந்து பேர் இங்கிருந்துதான் வருகிறார்கள், உடனே நிறுத்த வேண்டும். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். எச்சரித்ததற்கு நன்றியாம்.

அந்த ஐந்து பேரில் ஒருத்தி என் அம்மா.

அது மார்ச் மாதம். பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள், ஊரை இன்னும் மூடவில்லை. சேக்காட்டில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தும்மல்கூட இல்லை. ஆனால் ஒரு குரல் பதிவு மட்டும் கைப்பேசி கைப்பேசியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகி மஞ்சள் தண்ணீர் தெளித்தால் கிருமி அண்டாது என்று யாரோ ஒரு ஆள் அதட்டும் குரலில் சொன்னார். கேட்டு நான் சிரித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்த முதல் ஆள் நான். பி.காம். முடித்து அம்பத்தூரில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தெருவில் யாருக்கு ஆதாரில் பிழை இருந்தாலும், வங்கிப் படிவம் நிரப்ப வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. அதை மறைப்பதும் இல்லை.

"நீ சிரிச்சிகினே இரு. காசா கேக்குது? மரத்துல கீது" என்றாள் அம்மா. அவளுக்கு நிலை எட்டவில்லை. பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு ஏறி நின்று செருகியது நான்தான்.

அம்மை போட்ட வீட்டில்தான் வேப்பிலை செருகுவார்கள். உள்ளே ஒருத்தர் படுத்திருக்கிறார், வராதீர்கள் என்று வெளியாளுக்குச் சொல்வது அது. எங்களுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் தெருவில் எல்லாக் கதவிலும் ஒரே நாளில் வேப்பிலை ஏறியபோது அது அம்மைக்கானது என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் குடியிருப்பிலிருந்து பால் வாங்க வந்த ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அவர் வெள்ளைக்காரராக இருந்திருந்தால் ஏதோ தோரணம் என்று நினைத்துப் போயிருப்பார். அவரும் நம்ம ஊர்க்காரர். அவரைப் பெற்றவளும் அவருக்கு அம்மை போட்டபோது வாசலில் வேப்பிலை செருகியிருப்பாள். அதனால்தான் பார்த்ததும் பயந்துவிட்டார். பயந்தவர் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, படம் எடுத்தார்.

மறுநாள் காலையில் அம்மா வழக்கம்போல வேலைக்குப் போனாள். நான் படத்தைப் பற்றிச் சொல்லவில்லை. படித்தவர்கள் ஒருநாளில் தெளிந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பை எண்ணினால் இப்போதும் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

கேட்டில் இருந்த காவலாளி பட்டாபிராம் பக்கத்துக்காரர், அம்மாவுக்குப் பல வருடப் பழக்கம். அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாராம்: "யக்கா, உன்ன உள்ள உடக்கூடாதுன்ட்டாங்க. உங்க ஊட்ல யாருக்கோ போட்டுக்கீதாமே." அம்மா சிரித்துவிட்டு, அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று விளக்க ஒரு அடி முன்னே போயிருக்கிறாள். அவர் பின்னால் நகர்ந்தார். அவர் சொன்னதைவிட அவர் நகர்ந்ததைத்தான் அம்மா வீட்டில் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஒன்பது வருடமாக அம்மா வேலை செய்த வீட்டின் அம்மாள் அன்று போனை எடுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் எடுக்கவில்லை.

நான் அந்தக் குடியிருப்போர் சங்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். வேப்பிலை நோய் வந்ததற்காக அல்ல, வராமலிருக்கச் செருகியது, எங்கள் தெருவில் யாருக்கும் காய்ச்சல் இல்லை, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று. மூன்று முறை திருத்தினேன். ஒரு பிழை இல்லை. பதில் ஒரே வரியில் வந்தது: நேரில் வர வேண்டாம். அவ்வளவுதான். நான்கு நாள் கழித்து ஊரையே மூடினார்கள். அப்போது எல்லா வேலைக்காரப் பெண்களும் வேலை நின்று வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் மட்டும் நோயாளிகள் என்ற பெயரோடு முன்கூட்டியே வந்திருந்தார்கள்.

ஏப்ரலில் ஒரு மதியம் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு பேர் அம்மாவைத் தேடி வந்தார்கள். உடம்பு முழுக்க நீலக் கவசம், வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. அம்மா வேலை செய்த வீட்டைச் சொல்லி, அங்கே போனது நீங்கள்தானே என்று கேட்டார்கள். அந்த வீட்டுப் பையன் மார்ச் மாதத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவன். இப்போது அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் தொற்று உறுதியாகியிருக்கிறது. அவன் வந்த வாரம் முழுக்க அவன் துணிகளை யார் துவைத்தார்கள், அவன் சாப்பிட்ட தட்டை யார் கழுவினார்கள் என்று விசாரித்ததில் அம்மாவின் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது வருடமாக அவர்கள் வைத்திருந்த எண்தான் அது. எச்சரிக்க அதைத் தேடவில்லை. காட்டிக்கொடுக்கத் தேடினார்கள்.

அந்தப் பணியாளர்களில் ஒருத்தி என் வயதுப் பெண். அவள்தான் எரிச்சலோடு சொன்னாள்: பையன் வந்த அன்றே அந்த வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டினோம், அடுத்தமுறை போனபோது அது இல்லை, கேட்டால் வேலைக்காரம்மா கதவைத் துடைக்கும்போது கிழிந்துவிட்டது என்றார்கள்.

அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு நாளு கதவுல பேப்பர் ஒட்டியிருந்துச்சு. இன்னாம்மா இதுன்னு கேட்டேன். கணக்கெடுப்புன்னாங்க. நானும் சரின்ட்டு உள்ள போயிட்டேன். மறுநாளு அது இல்ல."

அந்தப் பெண் தன் பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து, இதுவா என்று விரித்துக் காட்டினாள். உள்ளே வராதீர்கள், தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று உள்ளங்கை அகல எழுத்தில் தமிழில்தான் இருந்தது. அம்மா தலையாட்டினாள். எங்கள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்த அம்மாளுக்கு அது தெரியும். தெருவுக்கே படிவம் நிரப்பும் எனக்கும் தெரியும். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் கற்றுக்கொடுத்து, அதுவே பெரிய சாதனை என்று நான் நிறுத்திக்கொண்டவள்.

அதே நோட்டீஸை எங்கள் கதவில் ஒட்டினார்கள். தெருமுனையில் சவுக்குக் கட்டைகளைக் குறுக்கே கட்டினார்கள். இருபுறமும் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். அம்மாவை வேனில் ஏற்றிக்கொண்டுபோய் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனைக்குச் சளி மாதிரி எடுத்துக்கொண்டு மாலையில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. அந்தக் குடியிருப்பு எங்களைப் பார்த்ததுபோல எங்கள் தெருவே எங்களைப் பார்க்கத் தொடங்கியது. எங்கள் ஒரு வீட்டால் தெருவுக்குக் கட்டை போட்டார்கள், எங்கள் அம்மாவால் மற்ற நான்கு பேருக்கும் வேலை போனது என்று பேச்சு. ஐந்து பேரையும் நிறுத்தியது முன்னால், நோட்டீஸ் ஒட்டியது பின்னால் என்பதை யாரும் யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, என் சான்றிதழ்களையெல்லாம் தன் மகளிடம் காட்டிக் காட்டி இதுபோலப் படி என்றவள், சன்னல் வழியாகவே கேட்டாள். "வேப்பில வெக்கசொல்லோவே எங்களாண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?" அவள் வீட்டுக் கதவிலும் அதே நாளில் அதே மரத்து வேப்பிலைதான் இருந்தது. நான் அதைச் சொன்னேன். அவள் சன்னலைச் சாத்தினாள்.

நான் போய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று கத்தத் தயாராக இருந்தேன். அம்மா விடவில்லை. ஒரே அறைதான் எங்கள் வீடு. அவள் ஒரு மூலையில், அப்பாவும் நானும் மறு மூலையில். அப்பா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வார்ப்படப் பட்டறையில் வேலை செய்து ஏற்கெனவே நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். அவர் இருமும்போதெல்லாம் அம்மா மூலையிலிருந்து எழுந்து உட்காருவாள். தனக்கு வந்துவிடுமோ என்று அவள் ஒருமுறையும் கேட்கவில்லை. தன்னால் அவருக்கு வந்துவிடுமோ என்று மட்டும் கேட்டாள். அவள் தட்டை அவளே கழுவினாள். அவள் துணியை அவளே அலசி, தனியாகக் காயப்போட்டாள். ஒரு வாரமாக யாருடைய துணியையோ எதுவும் தெரியாமல் கும்மி அலசிய அதே கைகள்.

ஆறாம் நாள் தொற்று இல்லை என்று போனில் சொன்னார்கள். அம்மா அழுதாள். நான் அழவில்லை. தொற்று இல்லாததற்கு நான் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்?

நோட்டீஸில் எழுதியிருந்த நாள்கள் முடிந்தன, கட்டைகளை அவிழ்த்தார்கள். தெரு மட்டும் அவிழவில்லை. தண்ணீர் லாரி வந்தால் அம்மாவின் குடத்துக்கு முன்னும் பின்னும் இடம் விட்டு வைத்தார்கள். மற்றவர்கள் பிடித்து முடித்த பிறகுதான் அம்மா பிடிப்பாள். வரிசையில் நிற்பதற்காக நான் போட்ட சண்டைகளை அம்மாவே வந்து முகம் சிவக்க நிறுத்தினாள்.

வீட்டு வேலைக்கு ஆள் போகலாம் என்று அனுமதித்த வாரத்தில் அந்த அம்மாளின் எண் அம்மாவின் கைப்பேசியில் வரத் தொடங்கியது. ஒருநாளில் மூன்று முறை. பரிசோதனை செய்து ஒன்றுமில்லை என்று உறுதியானவள் அந்தப் பக்கத்திலேயே அம்மா ஒருத்திதானே. இப்போது அவளைவிடப் பாதுகாப்பான ஆள் யார்? அம்மா எடுக்கவில்லை. பயப்படுகிறாள் என்று நினைத்தேன். என்னிடம் கொடு, நான் பேசுகிறேன் என்றேன். கொடுக்கவில்லை.

மறுநாள் காலையில் லாரி வந்தது. பெண்கள் குடங்களோடு நின்றார்கள். அம்மா ஒதுங்கி நிற்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு, இடுப்பிலிருந்து கைப்பேசியை எடுத்து அந்த எண்ணுக்குத் தானே போட்டாள். அவள் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். அதனால் யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை, நான் உட்பட.

அந்த அம்மாள் நலம் விசாரித்தாள். பாத்திரம் மலையாகக் கிடக்கிறது, நீ இல்லாமல் கை ஒடிகிறது, நாளைக்கே வந்துவிடு, கேட்டில் நான் சொல்லிவிடுகிறேன் என்றாள்.

"வரேம்மா" என்றாள் அம்மா. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தம்பி வந்தப்போ கதவுல பேப்பர் ஒட்டியிருந்துச்சே. என்னாண்ட கணக்கெடுப்புன்னு சொன்னீங்களே."

குடங்களோடு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். குழாயிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"அத எதுக்கு இப்போ பேசற? நீ பயப்படுவியேன்னுதான் சொல்லல. நீயும் நின்னுட்டா அவன் துணியெல்லாம் யாரு தொவைப்பா சொல்லு? அக்கம்பக்கத்துல பாத்தா அசிங்கம்னு அதையும் அன்னிக்கே எடுத்துட்டோம். வேணும்னா பண்ணோம்?"

"சரிம்மா. வெச்சிடறேன்."

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யாரும் அதை நகர்த்தவில்லை. பிறகு பக்கத்து வீட்டு அக்கா தன் குடத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ரப்பர் குழாயை அம்மாவின் பக்கம் நீட்டினாள். "புடிக்கா. உனுக்குதான் நேரமாவுது" என்றாள். ஒரு மன்னிப்பு இல்லை, ஒரு சமாதானம் இல்லை. அம்மா குடத்தை வைத்துப் பிடித்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் கேட்டேன்: அந்த அம்மாளை ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா, இவர்களையாவது நாலு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா?

"திட்னா இன்னா ஆவும்? அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க, இவங்க காதாலயே கேட்டாங்க. போதும்" என்றாள். குடத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அந்த வீட்டுக்கு அவள் அப்புறம் போகவேயில்லை.

அம்மாவுக்குப் போதும். எனக்குப் போதவில்லை. என்னுடைய பிழையில்லாத ஆங்கிலத்துக்கு ஒரு வரி பதில் போட்டவர்கள், அந்தக் குழுவில் இன்றுவரை எங்கள் தெருவில் நோய் இல்லை என்று ஒரு வரி எழுதவில்லை. அதை நான் எழுதுகிறேன்: எங்கள் தெருவில் நோய் இல்லை. அது உங்கள் வீட்டில் இருந்தது. என் அம்மாவின் கையில் கொடுத்துத் துவைக்கச் சொன்னீர்கள்.