முன்வரிசையில் கை தட்டாத மூன்று பேர்

ஜெர்மனியின் கொலோன் நகரில் எங்கள் தமிழ் ஆட்கள் நடத்தும் விழாக்களில் கைதட்டல் தானாக வராது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். மேடையில் பிள்ளை ஆடிக்கொண்டிருக்கும்போது சபையில் பாதிப் பேர் ரோல்ஸ் சாப்பிட்டபடி யாரோ வீடு வாங்கிய கதையைப் பேசுவார்கள். மீதிப் பேர் தங்கள் பிள்ளையின் முறை வரும்வரை கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்து, "உங்கள் பலத்த கரகோஷத்தை வழங்குங்கள்" என்பார். உடனே மண்டபம் அதிரும். அப்படி வளர்ந்தவள் நான். கைதட்டல் இல்லாவிட்டால் ஆட்டமே நடக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

சித்திக்கு அது நினைப்பு இல்லை, சட்டம். அம்மாவின் தங்கையான அவர்தான் எனக்கு நடன ஆசிரியை. வார நாட்களில் மருத்துவமனையில் தாதி. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூட அறையொன்றில் இருபது பிள்ளைகளை மேய்ப்பவர். யார் எப்படி ஆடினார்கள் என்பதைக் கைதட்டல் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை வைத்தே சொல்லிவிடுவார். மேடைக்குப் பக்கத்தில் இருந்து தாளம் தட்டினாலும் அவருடைய ஒரு காது எப்போதும் சபைப் பக்கம்தான்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது நகரத்து மியூசியம் ஒன்று, அமெரிக்காவின் பூர்வகுடிப் பெண்களைக் கொண்டாட மூன்று நாள் நிகழ்ச்சி வைத்தது. நியூ மெக்சிகோவிலிருந்து புவெப்லோ மக்களைச் சேர்ந்த மூன்று பெண்கள் விருந்தாளிகளாக வந்தார்கள். ஒருவர் மண்பாண்டம் செய்பவர். ஒருவர் தங்கள் மொழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. மற்றவர் இடுப்புப்பட்டி நெய்யும் இளம்பெண். வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்கு மண் வேலை. சனிக்கிழமை மாலை, நகரத்தில் வாழும் பல நாட்டுப் பிள்ளைகள் விருந்தாளிகளுக்காக ஆடிப் பாடுவது. ஞாயிற்றுக்கிழமை மியூசிய முற்றத்தில் மண் அடுப்புக் கட்டி, மாவைப் புளிக்கவைத்துப் பாண் சுடுவது, அதோடு விருந்தாளிகளின் பாட்டும் ஆட்டமும்.

சனிக்கிழமைக்கு ஒரு தமிழ்ப் பிள்ளை தனியாக ஆடுவாள் என்று சித்தி ஒப்புக்கொண்டு வந்தார். அந்தப் பிள்ளை நான் இல்லை. அவளுக்குக் கொப்புளிப்பான் அம்மை போட்டதால் கடைசி வாரத்தில் அந்த இடம் எனக்கு வந்தது. சந்தோஷத்தில் எனக்கு இரவில் நித்திரையே வரவில்லை. அதுவரை நான் ஆடியதெல்லாம் பின்வரிசையில், உயரமான பிள்ளைகளின் முதுகைப் பார்த்தபடி.

"சபை நல்லாக் கை தட்டினா ஆண்டு விழாவிலயும் நீதான் தனிய ஆடுறாய். இல்லையெண்டா பழையபடி பின்வரிசை. பிறகு என்னட்டை வந்து அழக்கூடாது," என்றார் சித்தி.

எங்கள் வீட்டில் விருந்தாளிகளைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று இருந்தவர் மாமா ஒருவர்தான். அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். ஊரே வேடம் போடும் கொலோன் கார்னிவலில் இரண்டு வருடம் தொடர்ந்து தலையில் இறகு வைத்துச் செவ்விந்தியராகப் போனவர். அந்த இறகுக் கிரீடம் ஒரு பிளாஸ்டிக் பையில் அலுமாரிக்கு மேல் இருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அதைத் தூசி தட்டித் தலையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"அண்ணை, அதைக் கழட்டி வையுங்கோ!" என்று சித்தி கத்தினார்.

"வாற விருந்தாளியளை மதிக்க வேண்டாமே?" என்றார் மாமா.

நல்ல காலமாக அம்மா அதைப் பறித்து மேலே எறிந்துவிட்டார். மியூசியத்தில் போய்ப் பார்த்தால் விருந்தாளிகள் மூவரும் ஜீன்ஸும் தடித்த குளிர்ச்சட்டையும் போட்டிருந்தார்கள். ஒருவரிடமும் ஒரு இறகுகூட இல்லை. கூடாரமும் குதிரையும் வேறு ஆட்களுடையவை, தங்கள் ஊரில் மண்ணால் கட்டிய மாடி வீடுகள் என்று மொழி ஆசிரியை படத்தில் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "உன்னிடம் யானை இருக்கிறதா என்று இங்கே எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டார். மியூசியத்தில் வேலை செய்யும் அம்மா ஒருவர் அதை ஜெர்மனில் மொழிபெயர்க்க, நான் பத்து விரலையும் விரித்துக் காட்டினேன். மாமா ஏனோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பிடித்துப் போனவர் மண்பாண்டம் செய்பவர். அம்மாவின் வயதுதான் இருக்கும். சக்கரம் இல்லாமல், மண்ணைக் கயிறாகத் திரித்து வட்டம் வட்டமாக அடுக்கிப் பானை செய்தார். மண் என்னவோ கடையில் வாங்கிய மண்தான், பிளாஸ்டிக் உறையில் வந்தது. ஆனாலும் உறையை வெட்டுவதற்கு முன் அதன்மேல் கையை வைத்துத் தன் மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார். மண்ணிடம் கேட்காமல் எடுக்கக்கூடாதாம். பார்கோடு ஒட்டிய மண்ணிடம் என்ன கேட்பது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நான் திரித்தது இடியப்பம் போல நொறுங்கியபோது அவரும் சிரித்தார். பிறகு என் கைக்குமேல் தன் கையை வைத்து உருட்டிக் காட்டினார். அந்த மனுசி நாளைக்கு முன்வரிசையில் இருப்பார், எனக்குக் கை தட்டுவார் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை முன்வரிசையில்தான் இருந்தார், மற்ற இருவருக்கும் நடுவில். எனக்கு முன்னால் ஒரு கூட்டம் பிள்ளைகள் பகிடி நாடகம் ஒன்று போட்டார்கள். மூவரும் விழுந்து விழுந்து சிரித்து, கையும் தட்டினார்கள். எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. சலங்கை கட்டி, மேடைக்கு வந்து, வழக்கப்படி நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கும்பிட்டேன். நிமிர்ந்தபோது முன்வரிசையைப் பார்த்தேன். மண்பாண்டம் செய்பவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். முதுகை நேராக்கிக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். மற்ற இருவரும் அப்படியே செய்தார்கள்.

நான் ஆடியது பரதத்தின் முதல் உருப்படியான அலாரிப்பு. பிழை விடவில்லை. இன்றைக்கும் சொல்வேன், ஒரு அடிகூடப் பிசகவில்லை. முடிவில் மறுபடியும் நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டபோது சபை நன்றாகக் கை தட்டியது; மாமா எழுந்து நின்று தட்டினார். முன்வரிசையில் மூன்று சோடிக் கைகள் மாத்திரம் மடியை விட்டு அசையவில்லை. மண்பாண்டம் செய்பவர் தலையைக் குனிந்திருந்தார். என்னைப் பார்க்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை என்று நினைத்தேன்.

மேடைக்குப் பின்னால் போய்ச் சலங்கையைக் கழட்டியபடி அழுதேன். கண்மை கன்னம் முழுக்க ஓடியது.

"சபை தட்டினது தானே பிள்ளை," என்றார் அம்மா.

"அவை தட்டேல்லை! ஆருக்காக ஆடினனோ அவைதான் தட்டேல்லை. பகிடிக்குத் தட்டினவை, எனக்குத் தட்டேல்லை. நான் இனி ஆடமாட்டன்!"

சித்தி என்னை அதட்டுவார் என்று பார்த்தால், அவர் என் சலங்கையை எடுத்துப் பையில் வைத்தார். அந்த மூன்று பேர் தட்டாதது அவருடைய காதுக்கும் எட்டியிருந்தது. கடைசியில், "அரைமண்டியில முழங்கால் மடிஞ்சது போதாமல் போச்சோ தெரியாது," என்று தனக்குத்தானே சொன்னார். அது எனக்கு இன்னும் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் போகமாட்டேன் என்று அடம்பிடித்தேன். பாண் சுடுவார்கள் என்று மாமா இழுத்துக்கொண்டு போனார். டிராமில் போகும்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அவர்கள் ஆடும்போது நானும் கை தட்டமாட்டேன். ஊர் முழுக்கத் தட்டினாலும் நான் தட்டமாட்டேன். அதுவும் ஒளித்து இல்லை, அவர்களுக்குத் தெரியும்படி முன்னுக்குப் போய் இருந்துதான்.

முற்றத்தில் மண்ணால் கட்டிய கவிழ்த்த கூடை போன்ற அடுப்புக்குள் பாண் வெந்துகொண்டிருந்தது. பாட்டுத் தொடங்குமுன் மண்பாண்டம் செய்பவர் முன்னுக்கு இருந்த எங்களைப் பார்த்து ஆங்கிலத்தில், பின்னுக்குக் கேட்காதபடி மெல்ல ஏதோ சொன்னார். எனக்கு அப்போது ஆங்கிலத்தில் பெயரும் வயதும் சொல்லத்தான் தெரியும். மொழிபெயர்க்க வேண்டிய மியூசியத்து அம்மா, பாண் கருகுகிறது என்று யாரோ கத்தியதால் அடுப்படிக்கு ஓடிவிட்டார். அதனால் அந்த வார்த்தைகள் ஜெர்மனில் வரவேயில்லை.

மண்பாண்டம் செய்பவரும் ஆசிரியையும் பாட, இளம்பெண் ஆடினார். கால்கள் நிலத்தை விட்டு அதிகம் எழவில்லை. நிலம் நித்திரையாக இருக்கிறது, மெதுவாக எழுப்பவேண்டும் என்பது போல மிதித்தார். எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததால் இன்னும் கோபம் வந்தது. பாட்டு முடிந்ததும் பின்னாலிருந்து யாரோ தட்டத் தொடங்க, முற்றம் முழுக்கத் தட்டியது. மாமா விசிலும் அடித்தார். நான் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அதன்மேல் அழுத்தி இருந்தேன். முதுகை நேராக வைத்துக்கொண்டு, முந்தின நாள் அவர்கள் இருந்தது போலவே இருந்தேன். நன்றாகப் பாருங்கள், வலிக்கட்டும் என்று நினைத்தேன்.

மண்பாண்டம் செய்பவர் பார்த்தார். பார்த்துவிட்டு முகம் முழுக்கச் சிரித்தார்.

எனக்கு அதைப் போன்ற தோல்வி அதற்கு முன் வந்ததில்லை. பழிவாங்க வந்தால் எதிரி சிரிக்கிறார்! அதோடு விடவுமில்லை. பாணுக்காகச் சனம் முற்றத்தைச் சுற்றி வரிசையில் நின்றது. அவர் அடுப்பிலிருந்து வந்த முதல் பாணை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, அந்த வரிசையைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார். முழுப் பாணையும் என் கையில் வைத்து, என் கைகளைத் தன் கைகளால் பொத்திக்கொண்டார். ஏதோ சொன்னார், "தாங்க் யூ" மட்டும் விளங்கியது. நானும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு "தாங்க் யூ" என்றேன். வாங்கக்கூடாது என்றுதான் இருந்தேன், ஆனால் பாண் சூடாக இருந்தது, எனக்குப் பசித்தது.

"பாத்தியே, உனக்குத்தான் முதல் பாண்," என்றார் மாமா, டிராமில் அதில் பாதியைத் தான் சாப்பிட்டுக்கொண்டு. "நல்ல மனுசி."

"கை தட்டத் தெரியாத மனுசி," என்றேன் நான்.

ஆனால் ஆட்டத்தை நான் விடவில்லை. அந்தச் சிரிப்புத்தான் காரணம். அவர் திரும்பவும் கொலோனுக்கு ஒருநாள் வருவார், அன்றைக்கு அவரைக் கை தட்ட வைக்காமல் விடமாட்டேன் என்று மனதுக்குள் சபதம் எடுத்தேன். அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வகுப்புக்குப் போய் நின்றேன். சித்தி அரைமண்டியை மாத்திரம் இரண்டு மடங்கு செய்யச் சொன்னார். ஆண்டு விழாவில் தனியாக ஆடினேன். பதினெட்டு வயதில் அரங்கேற்றம். அன்று மண்டபம் எழுந்து நின்று தட்டியது, அறிவிப்பாளர் கேட்காமலே. நான் கும்பிட்டபடி முன்வரிசையைப் பார்த்தேன், அங்கே அவர் இல்லை என்று தெரிந்தும்.

இப்போது எனக்கு இருபத்து நான்கு வயது, பிராங்பேர்ட்டில் படிக்கிறேன். போன மாதம் எங்கள் பல்கலைக்கழகத்தில் புவெப்லோ பெண் ஒருவர் பேச வந்தார். என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட. தண்ணீர் உரிமைக்காக வழக்காடும் சட்டத்தரணி. பேச்சை முடித்துவிட்டு ஒரு பாட்டுப் பாடப்போவதாகச் சொன்னார். அதற்கு முன் ஆங்கிலத்தில், "ஒரு சின்ன வேண்டுகோள். பகிடி சொன்னால் தட்டுங்கள், பேசினால் தட்டுங்கள். இதற்கு மட்டும் தட்டாதீர்கள். இது காட்சி இல்லை, மன்றாட்டு. எங்கள் ஊரில் மன்றாட்டுக்கு யாரும் கை தட்டுவதில்லை; பேசாமல் கூடவே இருப்பார்கள், அவ்வளவுதான்," என்றார்.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த நிமிடம் கண் நிறைந்துவிட்டது. நிலத்தைத் தொட்டு நான் கும்பிட்டதைக் கண்டு மூன்று பெண்கள் சிரிப்பை நிறுத்தியதும், அந்த ஒரு தலை குனிந்ததும் அப்படியே கண்முன் வந்தன. முற்றத்தில் ஜெர்மனில் வராமல் போன வார்த்தைகளும் இவைதான் என்று விளங்கியது.

வெளியே வந்து எஸ்-பான் ரயில் மேடையில் நின்றே சித்திக்குப் போன் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப அண்டைக்கு அந்த மூண்டு பேருக்குத்தான் விளங்கியிருக்கு, நீ என்ன செய்தனீ எண்டு," என்றார் சித்தி. "எனக்கே விளங்கேல்லை. நான் கைதட்டலை எண்ணிக்கொண்டிருந்தன்."

முற்றத்தில் கைகளுக்கு மேல் ஏறி இருந்த கதையை நான் சித்திக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு அங்கே அவர்களுடைய மன்றாட்டை மதித்த ஒரே பிள்ளை நான் என்று நம்பித்தான் மண்பாண்டம் செய்பவர் முதல் பாணைத் தந்தார். நானோ அவருக்கு வலிக்கட்டும் என்று இருந்தேன்.

அந்தச் சட்டத்தரணி பாடி முடித்தபோதும் அன்றைக்கு முற்றத்தில் போலவே கை தட்டாமல் இருந்தேன். முதுகு தானாக நேரானது, கைகள் தொடைகளுக்கு அடியில் போயின. பாணைத் தின்றது பதினொரு வயதில். அதற்கு உரியவளாக, மன்றாட்டை மதித்து இருந்தது இந்த வயதில்.