பாலத்திலிருந்து விழாத கல்

நான் எட்டாவதோடு நின்றவள். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். போன வாரம் அவள் நூலகத்திலிருந்து எடுத்துவந்து சத்தமாகப் படித்த புத்தகத்தில் என் சித்தப்பா வந்துவிட்டார். பேர் போடவில்லை. ஆனால் அவர்தான்.

அப்போது நாங்கள் பழவேற்காட்டில் இருந்தோம். எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடத்தில் சென்னைக்கு டூர் போட்டார்கள். கோளரங்கம். இருட்டு அறையில் கூரை முழுக்க நட்சத்திரம் காட்டுவார்கள் என்றார் சார். பெரிய கல்லையும் சின்னக் கல்லையும் மேலேயிருந்து போட்டால் ஒன்றாகத்தான் விழும் என்றதும் அதே சார்தான். இரண்டையும் வீட்டில் சொன்னேன். இரண்டாவதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். வலை பிரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"நங்கூரக் கல்லும் வலையில கட்ற ஈயக்குண்டும் ஒண்ணா வுழுமா? தண்ணில போட்டுப் பாரு. கல்லு தரைக்குப் போயி குந்திக்கினு இருக்கும், குண்டு அப்பதான் ஆடிக்கினே வரும். இது கூட தெரியாத ஆளோட உன்ன பட்டணத்துக்கு அனுப்பணுமா?"

"சார் தண்ணில சொல்லல நைனா. காத்துல."

சித்தப்பா சிரித்தார். நைனாவின் தம்பி. "காத்துல எவன் பாத்தான்? பாலத்துலருந்து போட்டா தெரிஞ்சிடப் போவுது."

நைனா ஒத்துக்கொண்டார். ஒன்றாக விழுந்தால் டூர். கல் முந்தினால் கிடையாது.

மூன்று பேரும் ஏரிப் பாலத்துக்குப் போனோம். சித்தப்பாவின் ஒரு கையில் தேங்காய் அளவு கல். இன்னொரு கையில் புளியங்கொட்டை அளவு குண்டு. நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டார்.

"இங்கருந்து பாத்தா எது முந்துதுன்னு தெரியாது. நானும் கூடவே வுழுந்து பாக்கறேன்."

"உனுக்கு இன்னா பைத்தியமா?" என்று நைனா கேட்டு முடிப்பதற்குள் குதித்துவிட்டார். நான் பார்த்தது குடை மாதிரி விரிந்த லுங்கியை மட்டும்தான்.

நீந்திக் கரையேறி வந்தார். பயந்த மாதிரி முகம்.

"எதுடா முந்துச்சு?"

"ரெண்டும் வுழலண்ணா."

"இன்னாது?"

"வுழும்போதே ரெண்டையும் கைய வுட்டேன். ரெண்டும் மூஞ்சாண்ட அப்படியே நின்னுக்கினு இருக்குது. கல்லு கையில இருந்தப்ப கூட கனமே இல்ல. தண்ணி வந்தப்புறந்தான் என்ன வுட்டுட்டுப் போச்சு."

"வுழாத கல்ல எங்கடா வெச்சிருக்க, மடியிலயா?" நைனா சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

நான் சித்தப்பாவின் ஈரக் கையைப் பிடித்தேன். "ஒண்ணா வுழுந்துச்சுன்னு சொல்லுங்க சித்தப்பா. அது போதும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "நான் பாத்தது அது இல்லம்மா."

பந்தயம் செல்லாது என்றார் நைனா. சாரும் பொய், இவனும் பொய். டூர் பஸ் நான் இல்லாமல் போனது.

சித்தப்பாவோடு பேச்சை நிறுத்தினேன். ஒருநாள் அவரே வந்தார். "வாம்மா, என் கைய புடிச்சுக்கினு நீயும் குதி. உனுக்கே தெரியும்." முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் மறுபடி கூப்பிடவில்லை.

போன வாரம் மகள் படித்தாள். கனமானதுதான் முதலில் விழும் என்று ரொம்ப காலம் நம்பினார்களாம். அது நைனா. பிறகு, இரண்டும் ஒன்றாக விழும், பூமி இழுக்கிறது என்றார்களாம். அது சார். அப்புறம் படித்ததைக் கேட்டு அரிசி களைந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

"இன்னொரு தபா படி," என்றேன்.

"இழுப்பே இல்லன்னு ஒருத்தர் சொன்னாரும்மா. பூமியச் சுத்தி இடமே வளைஞ்சிருக்குதாம். வுழறவனுக்குக் கனமே தெரியாதாம். கூட வுழறதெல்லாம் பக்கத்துலயே நிக்கிற மாதிரி இருக்குமாம்."

இடம் வளைவது எனக்கு விளங்கவில்லை. மற்றது விளங்கியது.

டூர் போகாததை எத்தனையோ பேரிடம் சொல்லிக் குறைப்பட்டிருக்கிறேன். கையைப் பிடித்துக் குதிக்கக் கூப்பிட்டவரிடம் முகத்தைத் திருப்பியதை யாரிடமும் சொன்னதில்லை. அதுவும் ஒரு டூர்தான் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.