முதல் வரிசை இல்லாத கச்சேரி

எங்கள் அண்ணன் பாடினான் என்று சொன்னால் பொய். கத்தினான். அந்த இசைக்கு ஹார்ட்கோர் பங்க் என்று பெயர். ஒரு பாட்டு ஒன்றரை நிமிடம். அதற்குள் ஊரில் உள்ள கோபமெல்லாம் தீர்ந்துவிடும். அவனுக்கு வயது பதினேழு, எனக்கு ஒன்பது. அவனும் மூன்று நண்பர்களும் தாங்களே எழுதி, தாங்களே பதிவு செய்து, சிடி உறையைக்கூட லைப்ரரியில் ஜெராக்ஸ் எடுத்து எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மடிப்பார்கள். யாரிடமும் போய் நிற்பதில்லை என்பது அவர்களுடைய கொள்கை.

அமெரிக்காவில் நாங்கள் இருந்த ஊர் எடிசன். அந்த வீட்டு பேஸ்மென்ட்டில் ஒரு ஷோ நடத்தலாமா என்று அண்ணன் கேட்டதும் அப்பா சரி என்றுவிட்டார். காலேஜ் அப்ளிகேஷனில் 'லீடர்ஷிப்' என்று போட்டுக்கொள்ளலாமே! கூடவே, பார்சிப்பனி என்ற ஊரில் இருந்ததால் நாங்கள் 'பார்சிப்பனி அங்கிள்' என்று கூப்பிடுபவரையும் அழைத்துவிட்டார். அவருடைய கம்பெனியில்தான் அப்பாவுக்கு வேலை. எங்கள் கிரீன் கார்டும் அந்தக் கம்பெனி போட்ட விண்ணப்பத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவரிடம் அப்பா 'முடியாது' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

தமிழ்ச் சங்க விழா நடத்திய பழக்கம் அப்பாவை விடவில்லை. மடக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, முன்னால் எங்கள் சோபாவை இழுத்துவைத்து 'ரிசர்வ்ட்' என்று காகிதம் ஒட்டினார். பொன்னாடையும் தயார்.

அண்ணன் இறங்கி வந்து பார்த்தான். "அப்பா, சேரெல்லாம் எடுக்கணும். எங்க ஷோல ஃப்ரன்ட் ரோ கிடையாது. ஸ்டேஜே கிடையாதுப்பா."

"டேய், அவரு யாருன்னு தெரியுமா? நிக்க வைப்பியா அவர?"

"நானும் நின்னுதானே பாடறேன்?"

நாற்காலிகள் சுவரோரம் போயின. அங்கிள் வந்தார், கையில் கம்பெனி பேனரோடு. "இத பின்னாடி மாட்டுப்பா. ஸ்டூடியோ, ஹால் எல்லாம் நான் ஸ்பான்சர் பண்றேன். அமெரிக்கால மேல வரணும்னா பிராண்டிங் வேணும்."

"தேங்க்ஸ் அங்கிள், வேணாம். நாங்களே பண்ணிக்கறோம்." பஞ்சு மாதிரி இரண்டு காதடைப்பான்களை அவர் கையில் வைத்தான் அண்ணன். "சத்தமா இருக்கும். இருந்து பாருங்க, ப்ளீஸ்."

அப்பாவின் முகம் வெளுத்தது.

அங்கிள் இரண்டு பாட்டுக்கு நின்றார். இடித்துக்கொண்டு ஆடிய கூட்டத்தில் ஒருவன் விழுந்தான். அவன் தரையைத் தொடுமுன் ஐந்து கைகள் தூக்கிவிட்டன. அங்கிள் அதைப் பார்க்கவில்லை, வாட்சைப் பார்த்தார். "பையன இப்பவே கன்ட்ரோல் பண்ணு. உனக்குத்தான் நல்லது," என்றார். "சரி சார்," என்ற அப்பா, கார் வரைக்கும் போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

ஷோ முடிந்ததும் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. பாட வந்தவர்கள், கேட்க வந்தவர்கள் எல்லாரும் துடைப்பமும் கையுமாக நின்றார்கள். மூக்கில் இரண்டு வளையம் போட்ட பெண் வாக்யூம் போட்டாள். அண்ணன் தரையைத் துடைத்தான்.

அப்பா பேஸ்மென்ட் படியில் தனியாக உட்கார்ந்து அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். 'தேங்க்ஸ் அங்கிள், வேணாம்' என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். தோள்கள் குலுங்கின. நான் பயந்துபோய் அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, அப்பா அழறார்."

அம்மா எட்டிப் பார்த்தாள். "அழலடி. சிரிக்கிறார். கிட்ட போகாத, கொஞ்ச நேரம் சிரிக்கட்டும்."

முதலாளி கோபித்துக்கொண்டு போன பிறகு சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவேயில்லை.