நாத்தனார் திருகிய குமிழ்

என் கணவரின் கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின் வந்த அன்றே வீட்டில் அறிவித்துவிட்டேன்: அதன் அளவுக் குமிழ் ஒன்றாம் எண்ணில்தான் நிற்கும், என்னைக் கேட்காமல் யாரும் தொடக்கூடாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவர் இரும்பு வார்த்த ஃபவுண்டரியின் தூசியும் பீடியும் சேர்ந்து அவருடைய நுரையீரலைத் தின்றிருந்தன. ரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுபோய்க் கொடுத்தால் மட்டும் போதாது, திரும்பும்போது கரியமில வாயுவைச் சுமந்துவந்து நுரையீரலில் இறக்கவும் வேண்டும். இவருக்கு இறக்குவதில்தான் தகராறு. ஆக்சிஜனை அதிகம் ஏற்றினால் அந்த வாயு ரத்தத்திலேயே தேங்கி ஆளை மயக்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு ஒருமுறை சொன்னால் போதும்.

நாத்தனாருக்குப் போதாது. பூந்தமல்லியிலிருந்து வந்தவள் அண்ணனைப் பார்த்ததும் கண்ணைக் கசக்கினாள்.

“இன்னா அண்ணி, மூச்சு வுடற காத்துல கூடவா கஞ்சத்தனம்? அண்ணனுக்கு எப்டி வாங்குது பாரு!”

சுருக்கென்று தைத்தது. “டாக்டர் சொன்ன அளவு. கைய வெக்காத” என்று சொல்லிவிட்டு மாவு மில்லுக்குப் போனேன்.

திரும்பியபோது வாசலிலேயே உதட்டில் விரல் வைத்தாள்.

“சத்தம் போடாத. இப்பதான் அண்ணன் நல்லா தூங்கிகினு கீது.”

ஆக்சிஜன் அளவு பார்க்க அவர் விரலில் மாட்டியிருந்த கருவி தொண்ணூற்றெட்டு காட்டியது. அவளுக்கு அதில் ஏகப் பெருமை. நான் குனிந்து மெஷினைப் பார்த்தேன். அவருக்குத் தொண்ணூறு இருந்தாலே போதும். குமிழ் ஐந்தில் இருந்தது. கன்னத்தைத் தட்டினேன், கண் திறக்கவில்லை.

குமிழை ஒன்றுக்கு இறக்கினேன்.

“அண்ணனக் கொல்லப் பாக்கறியா?” என்று என் கையைப் பிடித்தாள். உதறிவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தேகம் துளிகூட இல்லை.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கரியமில வாயு எக்கச்சக்கம். முகத்தில் மாஸ்க் மாட்டி, இன்னொரு மெஷினால் மூச்சைத் தள்ளித் தள்ளி அதை வெளியேற்றினார்கள். சாயங்காலம் கண் விழித்தவர் காபி கேட்டார். நாத்தனார் வராந்தாவில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பாசத்தில் திருகியவளை நான் என்னவென்று திட்ட? பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, அவரோடு ஃபவுண்டரியில் வேலை பார்த்தவர் ஒருவர் பார்க்க வந்தார். “பாவம், கொஞ்சம் ஏத்தி வுடலாமே” என்று குமிழிடம் கை நீட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் குறுக்கே பாய்ந்தாள்.

“கைய எடு அண்ணாத்தே! இத்த கஞ்சமாதான் குடுக்கணும். எங்க அண்ணியக் கேளு.”