மாமாவின் சட்டைப்பையில் என் சாவு

புத்தாண்டன்று சபையில் தரும் வாக்குத்தத்த அட்டை என்பது, கடவுள் அந்தந்த ஆளுக்கு நேரடியாக அடிக்கும் தந்தி என்று ஒன்பது வயதில் நான் நம்பினேன். தந்தி வந்தால் யாரோ செத்துப்போயிருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

திருச்செங்கோட்டில் எங்கள் சபை சிறியது. ஆண்டின் முதல் நாள் காலை ஆராதனை முடிந்ததும், போதகர் ஒரு தாம்பாளத்தில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். கண்ணை மூடி ஜெபித்து எடுக்க வேண்டும். எது வருகிறதோ அதுதான் அந்த ஆண்டுக்கு நம்முடையது. மற்றவர்களுக்கெல்லாம் ஆசீர்வாதம், சமாதானம் என்று வந்தது. எனக்கு வந்ததில் முதல் வரியிலேயே மரணம் இருந்தது. அதற்கு மேல் வாசிக்க நான் என்ன பைத்தியமா?

வீடு வந்து சேர்வதற்குள் என் அடக்க ஆராதனையை மனதுக்குள் நடத்தி முடித்துவிட்டேன். நல்ல கூட்டம். கோலிக்குண்டுகளை யாருக்கு எழுதி வைப்பது என்பதில் மட்டும் குழப்பம்.

அம்மா, வீட்டில் படுத்திருந்த தன் தம்பிக்கும் சேர்த்து ஒரு அட்டை எடுத்திருந்தாள். மாமா, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியின் டிரைவர். வடக்கே எங்கோ ஒரு மலை இறக்கத்தில் வண்டி பள்ளத்தில் கவிழ்ந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. பயம் மட்டும் கூடவே ஊருக்கு வந்துவிட்டது. எட்டு மாதமாக வேலைக்கும் போகவில்லை, கோவிலுக்கும் வரவில்லை. சபைக்காரர்கள் வாரம் ஒருவராக வந்து, "விசுவாசத்தை உட்டுராதீங்க தம்பி" என்று தைரியம் சொல்வார்கள். ஆமாங்க, சரிங்க என்று தலையாட்டிவிட்டு, அவர்கள் வாசலைத் தாண்டியதும் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்.

ஆணியில் தொங்கிய மாமாவின் சட்டைப்பையில் அம்மா அந்த அட்டையைச் செருகினாள். அவள் அடுப்படிக்குப் போனதும் எடுத்துப் பார்த்தேன். நீண்ட ஆயுள்! படுத்தே கிடக்கிறவருக்கு இவ்வளவு ஆயுள் எதற்கு? என்னுடையதை வைத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டேன். மத்தியானம் பிரியாணியை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை மாமா குளித்து, தலைவாரி, கையில் பையோடு நின்றார். "அக்கா, ரிக்குக்குப் போயிட்டு வாரேனுங்க."

நான் வாசலை மறித்து நின்றேன். "மாமா, போகாதீங்க!"

"ஏஞ்சாமி?"

"வயித்து வலி."

"வலி உனக்கு. நான் ஊட்டுல இருந்தா சரியாப் போயிருமா?"

வேறு வழி தெரியாமல் ஓடிப்போய் அவருடைய ரப்பர் செருப்பில் ஒன்றைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வீசினேன். அது மிதந்தது.

மாமா சட்டைப்பையிலிருந்த அட்டையை அம்மாவிடம் நீட்டினார். "மரண இருட்டுப் பள்ளத்துல நடந்தாலும் பயப்பட வேண்டாம், நான் கூட வாரேங்கிற வசனமுங்க்கா. பள்ளம்னே வந்திருக்குது பாருங்க. நான் கவுந்தது மேல இருக்கறவருக்குத் தெரிஞ்சிருக்குது. இது எனக்குன்னுதானே எடுத்தீங்க?"

அம்மா அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தொட்டியில் மிதந்த செருப்பையும் பார்த்தாள்.

"உனக்கேதான் தம்பி," என்றாள்.

தான் எடுத்தது வேறு அட்டை என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். பென்சில் தொலைந்ததற்குப் பொய் சொன்னாலே நாக்கில் சூடு வைப்பேன் என்கிறவள், இவ்வளவு பெரிய பொய்யை எப்படிக் கண் கலங்கச் சொன்னாள் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

மாமா ஈரச் செருப்போடு கிளம்பினார். அப்புறம் மூன்று மாதம் நான் கொலைகாரன். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் கட்டிலுக்கு அடியில் இருப்பேன். ஆண்டவரே, என் ஆயுளில் பாதியை மாமாவுக்குக் கொடும் என்று தினமும் ஜெபித்தேன். ஒரு நாள் பக்தி மிகுந்து முக்கால் பங்கு என்று சொல்லிவிட்டு, உடனே பாதிக்கே திருத்திக்கொண்டேன்.

மாமா சாகவில்லை. குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள், கறுத்து மெலிந்து, எண்ணெய்க் கறைச் சட்டையோடு வந்து இறங்கினார். மறுநாள் கோவிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சுருதி சேராமல், சத்தமாகப் பாடினார்.